ஆறு வாட்டும் பதினைந்து வாட்டும்

ஒரு பொருளைக் கொடுப்பதைக் காட்டிலும், அதைக் கொடுக்க இயலாத காரணத்தைக் கோப்பில் பிழையின்றிப் பதிவதே நிர்வாகத்தின் உயர்ந்த நிலை என்று கருதும் நிறுவனங்களுள் செங்கல்பட்டுப் பாலாற்றுப் பெருமன்றக் கலை அறிவியல் கல்லூரியும் ஒன்று. இதை அக்கல்லூரி எவரிடமும் மறைத்ததில்லை. நுழைவாயில் வளைவில் 'முறையே முதன்மை' என்று நீல வண்ணத்தில் எழுதியே வைத்திருக்கிறது.

அங்கே வணிகவியல் இறுதியாண்டு படித்த ரெஜினாவுக்கு ஒரு மடிக்கணினி தேவைப்பட்டது. நிரந்தரமாக அன்று, தொண்ணூறு நிமிடங்களுக்கு. சென்னையிலுள்ள ஒரு நிதிச் சேவை நிறுவனம் மார்ச் பதினோராம் தேதி காலை பத்தரை மணிக்கு இணையவழியில் ஒரு தேர்வு நடத்தவிருந்தது. தேர்ச்சி பெற்றால் ஜூன் மாதம் வேலை. நிபந்தனைகள் மூன்று. கைப்பேசியில் எழுதக் கூடாது. கணினியில் கேமரா இருக்க வேண்டும். அந்தக் கேமராவில் எழுதுபவரின் முகத்தைத் தவிர வேறு முகம் தெரியக் கூடாது. வேறு முகம் தெரிந்தால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையில் தேர்வு தானாக மூடிக்கொள்ளும்.

ரெஜினாவின் தாய் மேரி, மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். விருந்தினர் ஏறும் மின்தூக்கியில் ஊழியர் ஏறக் கூடாது என்பது அவ்விடுதியின் முறை. மூன்றாம் மாடிக்குப் படுக்கை விரிப்புகளைச் சுமந்து ஏறி இறங்கி அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஜூன் வந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். அவரும் மேலாளரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அணுபுரத்தில் வசிக்கும் தோழி காயத்ரியிடம் மடிக்கணினி இருந்தது. ஆனால் அவளும் அதே தேர்வை அதே நேரத்தில் எழுதவிருந்தாள். மாமல்லபுரத்தில் இணைய மையம் வைத்திருந்தவர், "கேமரா கீதும்மா. ஆனா நீ மட்டும் தனியா இருக்கணும்னா கடைய வுட்டுட்டு நான் எங்க போறது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

ஆகவே பிப்ரவரி ஒன்பதாம் தேதி ரெஜினா கல்லூரியின் பண்டகப் பிரிவுக்குச் சென்றாள். அங்கே 'மடிக்கணினி இரவல் திட்டம்' என்ற பலகையின் கீழ், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள், எட்டாண்டுப் பழமையுள்ள இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. பண்டக மேற்பார்வையாளர் வசுமதி, பேரேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எது வேணும்?"

"எதுனாலும் பரவால்ல மேடம்."

"அது இன்னாம்மா பேச்சு? எதுனாலும்னு குடுத்துட்டு நாளைக்கு ஆடிட்ல நான் பதில் சொல்லிகினு நிக்கவா? இருக்கறதுல நல்லதாப் பாத்துதான் குடுக்கணும். ரூல் கீது."

"அப்போ நல்லதையே குடுங்க மேடம்."

"நல்லது எதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

விதி உண்மையில் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன் தணிக்கையாளர் ஒருவர், 'சிறந்த பொருள் அலமாரியில் இருக்க, தாழ்ந்த பொருள் மாணவருக்கு வழங்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது' என்று எழுதிவைத்துச் சென்றார். அன்று முதல், சிறந்தது எது என்று உறுதி செய்யப்படாமல் எதுவும் வழங்கப்படவில்லை. உறுதி செய்யப்படாததால், ஈராண்டுகளாக எதுவுமே வழங்கப்படவில்லை. தணிக்கை ஐயமின்றி முடிந்துவந்தது.

இரண்டு கணினிகளும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் நுண்செயலிகளைக் கொண்டவை. முதலாவதன் நுண்செயலிக்கு ஆறு வாட் போதும், கணக்கிடும் கருக்களாகிய கோர்கள் நான்கு, ஆனால் மெதுவானவை, விசிறி கிடையாது. இரண்டாவதற்குப் பதினைந்து வாட், இரண்டே கோர்கள், ஆனால் சற்று விரைவானவை, விசிறி உண்டு. முதலாவதில் நான்கு பேர் நடந்து செல்கிறார்கள். இரண்டாவதில் இருவர் ஓட முயல்கிறார்கள். ஒரு தேர்வுப் பக்கத்தைத் திறந்து நூறு கேள்விகளுக்கு விடையளிக்க இரண்டில் எதுவும் போதும். இந்த உண்மை கல்லூரியில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அலுவலக உதவியாளர் தீனதயாளன். அலமாரியைத் துடைக்கும்போது இரண்டையும் இயக்கிப் பார்த்திருக்கிறார்.

"ரெண்டும் ஒரே பேஜாருதாம்மா" என்றார் அவர். "பட்டன அமுக்கிட்டு ஒரு டீ குட்ச்சிட்டு வந்தினா தொறந்து இருக்கும். அப்புறம் அதுபாட்டுக்கு ஓடும். இதுல இன்னா நல்லது, கெட்டது?"

தீனதயாளனின் கூற்று, அவருக்கு உரிய கல்வித் தகுதி இல்லாமையால் ஏற்கப்படவில்லை.

கோப்பு முதலில் கணினி அறிவியல் துறைக்குச் சென்றது. ஒன்பது நாட்களுக்குப் பின் அத்துறை பதில் அனுப்பியது. 'எங்கள் பாடத்திட்டத்தில் உள்ள நுண்செயலி ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதற்குப் பின் தோன்றிய நுண்செயலிகளைப் பற்றிக் கருத்துக் கூற எங்களுக்கு அதிகாரமில்லை.' கோப்பு கல்லூரி முதல்வரிடம் சென்றது. முதல்வர் துறைகளின் தர மதிப்பீட்டுப் பட்டியலைப் புரட்டினார். அவ்வாண்டு எந்தக் குழுவிலும் பணியாற்றாமல், குழுப்பணிக்கான மதிப்பெண்ணில் சுழியத்தோடு நின்ற துறை ஒன்றே ஒன்றுதான்: ஒப்பிலக்கியத் துறை. கோப்பு அங்கே போயிற்று.

துறைத்தலைவர் பேராசிரியர் கோதண்டராமன் தலைவராகவும், உதவிப் பேராசிரியர் முனைவர் ஹரிஹரன் உறுப்பினராகவும், வசுமதி உறுப்பினர்-செயலராகவும் 'நுண்செயலி ஒப்பாய்வுக் குழு' அமைக்கப்பட்டது. ரெஜினா 'பயனாளர் பிரதிநிதி'யாக நியமிக்கப்பட்டாள். பிரதிநிதி கூட்ட நாட்களில் கட்டாயம் வர வேண்டும். கூட்டத்திற்குள் வரக் கூடாது.

முதற்கூட்டம் பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி நடந்தது. கணினிகள் இரண்டும் மேசைமேல் மூடியபடி வைக்கப்பட்டிருந்தன. கோதண்டராமன் தொடக்கவுரை ஆற்றினார்.

"நான் நாற்பது ஒப்பாய்வுக் கட்டுரைகள் எழுதியவன். அவற்றுள் ஒன்றிலேனும், இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று நான் சொன்னதாக எவராலும் காட்ட முடியாது. அதுவே என் வாழ்நாள் பெருமை. ஒப்பீட்டின் இறுதியில் ஒரு முடிவு வந்துவிடுமானால், அந்த ஒப்பீட்டில் எங்கோ அவசரம் நேர்ந்திருக்கிறது என்று பொருள்."

அடுத்து ஹரிஹரன் எழுந்தார். அவர் மெலிந்தவர். எந்தச் சொல்லையும் இரு கைகளாலும் காற்றில் பிடித்து நிறுத்திய பிறகே உச்சரிப்பவர்.

"நம் முன் உள்ள அடிப்படைச் சிக்கல், இவற்றை இயக்கிப் பார்ப்பதா என்பது. இயக்கினால் நாம் நுகர்வோர் ஆகிவிடுவோம். விமர்சகன் நுகர்வோன் ஆகலாமா? மூலநூலை ஒருமுறையும் திறக்காமல் நான் எழுதிய ஆய்வேட்டுக்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. திறந்திருந்தால் அந்த நூலின் கதையில் நான் சிக்கியிருப்பேன்."

அறிக்கை வெளியாகும் வரை கணினிகளை எவரும் இயக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வெளிப்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த வில்லைகளே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டன.

வெளியே தாழ்வாரத்தில், தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள இன்னா அண்ணா ஓடுது?"

"முன்னுரை" என்றார் தீனதயாளன்.

"ரெண்டு மணி நேரமாவா?"

"நாஸ்தா இன்னும் வர்லியே. போண்டா வந்தாதான் முடிவுரை."

"எனக்கு எக்ஸாம் பதினோராம் தேதின்னு அவங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும், தெரியும். அடிக்குறிப்புல போட்டுகீறாங்க."

இரண்டாம் கூட்டம் களப்பணியாக நடந்தது. தர மதிப்பீட்டில் களப்பணிக்குத் தனி மதிப்பெண் உண்டு. இரண்டாவது கணினியில் விசிறி இருப்பதால், அதன் ஓசையை அளந்தறிய அமைதியான ஓர் இடம் தேவை என்று ஹரிஹரன் முன்மொழிந்தார். பலகைகளில் எல்லாம் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருக்கும் இடம் என்பதால் வேடந்தாங்கல் தேர்ந்தெடுக்கப்பட்டது. மார்ச் மூன்றாம் தேதி கல்லூரி வேனில் குழு புறப்பட்டது. பயனாளர் பிரதிநிதி ஒரு கணினியை மடியிலும் மற்றொன்றைக் கால்களுக்கிடையிலும் வைத்துக்கொண்டு கடைசி இருக்கையில் அமர்ந்தாள். அன்று அவளுக்கு மாதிரித் தேர்வு ஒன்று இருந்தது. அது போயிற்று.

ஏரிக்கரையில் அமைதி இல்லை. நத்தைகுத்தி நாரைகள் அலகுகளைத் தட்டின, நீர்க்காகங்கள் உறுமின, கூழைக்கடாக் குஞ்சுகள் இரைக்குக் கத்தின. குழுவினர் பார்வைக் கோபுரத்தின் மேல் நின்று, மூடிய கணினிகளின்மேல் மாறி மாறிக் காதை வைத்துக் கேட்டனர். கணினிகள் இயக்கப்படாதவை ஆதலால் அவை எப்படியும் ஓசை எழுப்பியிருக்க முடியாது என்பது எவருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும், தீர்மானத்தை மீறிய சிந்தனை என்று கைவிடப்பட்டது.

"சார், ஒரே ஒரு வாட்டி ஆன் பண்ணிப் பாத்துடலாமா?" என்று ரெஜினா கேட்டாள். "அஞ்சு நிமிசம். எது தொறக்குதோ அத எடுத்துக்கறேன்."

கோதண்டராமன் அவளைப் பரிவோடு பார்த்தார். "உன் வயதில் எனக்கும் இந்த அவசரம் இருந்தது அம்மா. ஒரு கவிதையைப் படித்ததும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பட்டமேற்படிப்பில்தான் அது குணமாயிற்று."

களப்பணிக் குறிப்பேட்டில் இவ்வாறு பதிவாயிற்று: 'இரு நுண்செயலிகளும் ஓசையற்றவை. பறவைகள் அவ்வாறல்ல.'

மார்ச் ஏழாம் தேதி கூடிய மூன்றாம் கூட்டத்தில் வசுமதி ஓர் இடரைக் கண்டுபிடித்தார். கல்லூரியின் ஒப்பீட்டுப் படிவத்தில் பொருளுக்கு ஒன்றாக மூன்று பத்திகள் அச்சிடப்பட்டிருந்தன. அது விலைப்புள்ளிகளுக்காக அடிக்கப்பட்ட படிவம். பத்தி எதையும் வெறுமையாக விடக் கூடாது என்பது அடிக்குறிப்பு. இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு மூன்று பத்திகளை எவ்வாறு நிரப்புவது?

"மூணாவது ஒண்ணு ஸ்டோர்ல கீது மேடம்" என்று தீனதயாளன் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "ஆனா அது வேலைக்கு ஆவாது. புயல்ல கூரை ஒழுகி உள்ள தண்ணி பூந்துடுச்சி. பேட்டரி உப்பிப்போயி நானே கழட்டிப் போட்டேன்."

"வேலைக்கு ஆகுதா ஆகலியான்னு நாங்க பாக்கல. பத்தி நெறையணும். எடுத்துட்டு வாங்க."

மூன்றாவது கணினி வந்தது. மூடியைத் திறந்தபோது ஒரு சிலந்தி இறங்கிப் போயிற்று. மதிப்பிடும் பணி தொடங்கியது. திட்டத்தின் நோக்கமே குறைந்த மின்சாரம் ஆகையால், மின் நுகர்வுக்கு முப்பது மதிப்பெண், வெப்பமின்மைக்கு முப்பது, ஓசையின்மைக்கு முப்பது, இயங்கும் தன்மைக்குப் பத்து. ஆறு வாட் இயந்திரம் மின் நுகர்வில் இருபத்திரண்டு பெற்றது. பதினைந்து வாட் இயந்திரம் பதினொன்று பெற்றது. மூன்றாவது எந்த நிலையிலும் எந்த மின்சாரத்தையும் நுகராதது என்று தீனதயாளன் உறுதியளித்ததால் முழுமையாக முப்பது பெற்றது. வெப்பத்திலும் அவ்வாறே. ஓசையில் மூன்றும் சமம். இயங்கும் தன்மையைப் பொறுத்தவரை, மூன்றையுமே இயக்கிப் பார்க்காத நிலையில் ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் குறைப்பது காழ்ப்பாகும் என்று ஹரிஹரன் வாதிட்டதால் மூன்றுக்கும் பத்து வழங்கப்பட்டது. மூன்றாவது இயந்திரம் நூற்றுக்கு நூறு பெற்றது.

தீனதயாளனால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அது செத்து ரெண்டு வருசமாச்சுங்க."

"தீனதயாளன்" என்றார் கோதண்டராமன், குரலை உயர்த்தாமல். "எங்கள் துறையில் மறைந்தவர்களை மட்டுமே நாங்கள் முழு மனதோடு பாராட்டுகிறோம். உயிரோடிருப்பவர்களைப் பாராட்டினால் மறுநாளே வேறு ஏதாவது செய்துவிடுகிறார்கள்."

அறிக்கை இருநூற்றுப் பதினான்கு பக்கங்கள். அதன் வெளியீட்டு விழா மார்ச் பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு என்று முடிவாயிற்று. அந்த மேடையிலேயே பயனாளருக்குச் சிறந்த கணினி வழங்கப்படும். 'தேர்வு பத்தரைக்குத்தானே, அரை மணி தாராளம்' என்று வசுமதி தொலைபேசியில் சொன்னார். எந்தக் கணினி என்பதை விழாவுக்கு முன் வெளியிட இயலாது என்றும் சொன்னார்.

அன்று ரெஜினா எட்டரை மணிக்கே கருத்தரங்க அறையில் இருந்தாள். கைப்பேசியில் இணையத் தரவு நிரப்பியிருந்தாள். அடையாள அட்டையும் தேர்வு எண்ணும் பையில் இருந்தன. எதிரில் காலியாக இருந்த ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து எழுதத் தீனதயாளன் மேசை ஒன்றும் போட்டு வைத்திருந்தார். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா பத்தேகாலுக்குத் தொடங்கியது. விளக்கேற்றம், வரவேற்பு, பொன்னாடைகள். பத்து இருபத்தெட்டுக்கு, வெல்வெட்டுத் துணியில் பொதிந்த ஒரு கணினி ரெஜினாவின் கைகளில் வைக்கப்பட்டது. கைதட்டல் முடியும்வரை புகைப்படத்துக்காக அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். பிறகு அவள் ஓய்வறைக்கு ஓடினாள்.

பொத்தானை அழுத்தினாள். மீண்டும் அழுத்தினாள். மின்னிணைப்பைச் செருகி, விரல் வெளுக்க அழுத்திப் பிடித்தாள்.

தீனதயாளன் வாசலில் வந்து நின்றார். "வுட்ரும்மா. அது எழுந்துக்காது."

"எழுந்துக்காதுன்னா? இதான் நல்லதுன்னு குடுத்தாங்களே!"

"நல்லதுதான். கரண்டே இழுக்காது, சூடே ஆவாது. இன்னான்னு சொல்லுவேன் உன்கிட்ட? நேத்தே சொல்லிருக்கணும், வேலைக்கு பயந்துகினு இருந்துட்டேன்." அவர் குரல் தணிந்தது. "படம் காட்றதுக்கு அந்த ரெண்டையும் மேடைல ஆன் பண்ணி வெச்சிகீறேன். முட்ச்சிட்டு அணைக்கச் சொன்னாங்க. மணி பத்து முப்பத்தொண்ணு ஆயிடுச்சி. இன்னும் இங்க நின்னுகினு கீறியே, போ!"

ரெஜினா ஓடிப்போய் மேடையில் ஏறினாள். கோதண்டராமன் ஏற்புரையின் நடுவில் இருந்தார். மேடையின் ஓரத்து மேசையில் இரண்டு கணினிகளும் திறந்திருந்தன. கைக்கு அருகில் இருந்த ஒன்றை, தனக்குப் பின்னால் வெறும் சுவர் மட்டும் தெரியுமாறு திருப்பி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பேசித் தரவோடு இணைத்துத் தேர்வு எண்ணை இட்டதும் பக்கம் திறந்தது. கேமராவில் அவள் முகம் தெரிந்தது. முதல் கேள்வி வந்தது. மணி பத்து முப்பத்தாறு.

அரங்கில் சலசலப்பு எழுந்தது. தம் உரைக்கு எதிர்பாராத ஒன்று நேரும்போது அதை உரையின் பகுதியாக அறிவித்துவிடும் பயிற்சி கோதண்டராமனுக்கு உண்டு. "இதோ, செயல்முறை விளக்கம்!" என்றார். கைதட்டினார்கள்.

ரெஜினா எழுதினாள். வட்டி, விழுக்காடு, சராசரி. கைதட்டல் கேட்கவில்லை, ஒலிபெருக்கி கேட்கவில்லை. முப்பத்தெட்டாம் கேள்விக்கு வந்தபோது இருபத்தைந்து நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. இந்த வேகத்தில் போனால் மீதி நேரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம் என்று கணக்கிட்டாள்.

அப்போது ஏற்புரை முடிந்தது. கோதண்டராமன் அவளுக்குப் பின்னால் வந்து குனிந்தார். திரையில் சிவப்புப் பட்டை ஒளிர்ந்தது: முதல் எச்சரிக்கை.

"சார், தள்ளிப் போங்க சார்! கேமரால தெரியிறீங்க!"

கேமரா என்ற சொல்லைக் கேட்டதும் கோதண்டராமன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, புன்னகைத்தார். அவள் தோளால் அவரை ஒதுக்கித் தள்ளுவதற்குள் மறுபுறத்தில் ஹரிஹரனின் முகம் நுழைந்தது.

"நான் கணினியைப் பார்க்கவில்லை" என்றார் அவர். "நீங்கள் பார்ப்பதைப் பார்க்கிறேன்."

இரண்டாம் எச்சரிக்கை.

"ஐயோ, போங்க சார்! கையெடுத்துக் கும்புடறேன், யாரும் வராதீங்க!" ரெஜினா ஒரு கையால் திரையை வளைத்து மறைத்துக்கொண்டு, மறு கையால் நாற்பத்தொன்றாம் கேள்விக்கு விடையை அழுத்தினாள். கீழே தீனதயாளன் பெருக்குமாறோடு ஓடிவந்து மேடைப் படியை மறித்தார். ஆனால் வசுமதி மேடையின் மற்றொரு பக்கமாக ஏறிவிட்டார்.

"ஏம்மா, இது உனக்கு சேங்க்ஷன் ஆன மெசினே இல்லியே! அசெட் நம்பர் இன்னா, பாக்கறேன்" என்று சொல்லியபடி அவர் கணினிக்கும் ரெஜினாவின் முகத்துக்கும் நடுவில் தலையை நுழைத்தார்.

பக்கம் வெளுத்தது. 'விதிமீறலின் காரணமாக உங்கள் தேர்வு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. வாழ்த்துகள்.'

ரெஜினா பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தாள். வேறு பக்கம் வரவில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்த முதல் வரிசை மாணவிகள் இருவர் எழுந்து நின்றனர். அவள் அழவில்லை.

"சரி, சரி" என்றார் கோதண்டராமன், குறிப்பேட்டைத் திறந்து. "ஒரு பயனாளரின் நேரடிச் சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. இதைப் பிற்சேர்க்கையாக இணைக்கலாம். சொல் அம்மா, நீ எழுதியது எதில்? ஆறு வாட்டா, பதினைந்து வாட்டா?"

"தெரியாது."

"தெரியாதா? நான்கு கோரா இரண்டு கோரா என்பதுமா?"

"பாக்கல சார். தொறந்து இருந்துச்சி, உக்காந்தேன்."

"வேகம் எப்படி இருந்தது? அதையாவது சொல்."

ரெஜினா அவரை நேராகப் பார்த்தாள். "கேள்வி வந்துச்சி. பதில் அமுக்குனேன். அடுத்த கேள்வி வந்துச்சி. நீங்க வர்ற வரைக்கும் வந்துகினேதான் சார் இருந்துச்சி."

ஹரிஹரன், 'பயனாளர் ஒப்பிடும் திறனற்றவர்' என்று குறித்துக்கொண்டார்.

வசுமதி வழங்கல் பேரேட்டை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா. உனக்கு ஒதுக்குனது அந்த வெல்வெட் துணில கீறதுதான்."

"எக்ஸாமே போச்சி மேடம். அது எனக்கு எதுக்கு?"

"எதுக்கோ. மேடைல குடுத்துட்டோம், போட்டோ எடுத்துட்டோம். பதினஞ்சி நாள் வெச்சிக்கலாம். குடுத்த நெலமையிலயே திருப்பித் தரணும், அவ்ளோதான்."

'பெறும்போது பொருளின் நிலை' என்ற பத்தியில் 'மிகச் சிறப்பு' என்று முன்பே எழுதப்பட்டிருந்தது. ரெஜினா பேனாவை வாங்கினாள். அந்தச் சொற்களை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அவற்றின்மேல் 'ஓடாது' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டுத் தேதியும் நேரமும் போட்டாள்.

"அய்யய்யோ, இன்னா பண்ணிட்டே! இருநூத்துச் சொச்சம் பக்கம் அறிக்கைக்கு எதிரா எழுதிட்டியே. ஆடிட்ல யாரு இதுக்குப் பதில் சொல்றது?"

"நீங்க மூணு பேரும் சொல்லுங்க மேடம்" என்று சொல்லி, ரெஜினா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தீனதயாளன் பெருக்குமாறை ஒதுக்கி வழிவிட்டார்.

வாசலைத் தாண்டியபோது கைப்பேசி ஒலித்தது. மேரிதான். தேர்வு எத்தனை மணிக்கு முடியும் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. விரிப்புகளை எங்கோ படிக்கட்டில் இறக்கி வைத்துவிட்டு அழைத்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"முட்ச்சிட்டியாம்மா?"

"முட்ச்சிட்டாங்கம்மா."

"யாரு?"

ரெஜினா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அரங்கில் நன்றியுரை தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயரையும் பதவியோடும் பட்டத்தோடும் நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.